கயிறு சொல்லும் சேதி

சென்ற சிறுபோகத்தின்போது கிளிநொச்சி மாணவன் ஒருவன் மூன்று நாட்கள் வகுப்புக்கு வரவில்லை. வினவினேன். "தண்ணீர் இறைக்கும் மிசின் நின்றுவிட்டது, சேர். மிளகாய்க் கன்றுகள் வாடுகின்றன. அப்பா மிசினை விற்கப் போகிறார்" என்றான்.

அன்று மாலையே சென்றேன். கயிற்றை இழுத்தால் கைக்கு எதிர்ப்பே தோன்றவில்லை. உருளையினுள் நெருக்குண்ண வேண்டிய காற்று எங்கோ கசிகின்றது. ஒன்று, பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கும்; அன்றேல் வால்வு சரிவர மூடாதிருக்கும். எதுவென்று அறிவது எங்ஙனம்?

பிளக்கைக் கழற்றி, அத்துளையில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் வார்த்து, மீண்டும் பூட்டி இழுத்தோம். எண்ணெய் வளையத்தின் இடைவெளியை அடைக்கும், வால்வை அடைக்காது. எதிர்ப்புக் கூடினால் குற்றம் வளையத்தினது. கூடாவிடின் பெரும்பாலும் வால்வினது. எமக்குக் கூடவில்லை.

எஞ்சின் குளிர்ந்தபின், பிஸ்டனை நெருக்கு அடிப்பின் உச்சியில் நிறுத்தி, வால்வுத் தண்டின் முனை இடைவெளியை அளந்தோம். இத்தகைய எஞ்சின்களில் அது பெரும்பாலும் 0.1 முதல் 0.2 மில்லிமீற்றர் வரை இருக்கும். அங்கோ இடைவெளியே இல்லை! திருகைத் தளர்த்திச் சரிசெய்ததும் எஞ்சின் முழங்கிற்று.

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோல் துளிகளால் கிளப்பி மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓட்டிய வன்னி மக்கள், வால்வில் படியும் கரியையும் அறிவர். கரி படிந்தாலும் வால்வு மூடாது. அப்பொழுது அதைக் கழற்றித் துடைத்து, உராய்வுப் பசையிட்டு, அமரும் இடத்தில் தேய்த்துப் படியவைத்தல் வேண்டும்.

அன்பர்களே, விற்குமுன் ஒரு தேக்கரண்டி எண்ணெயால் சோதித்துப் பாருங்கள். மாணவன் மறுநாளே வகுப்புக்கு வந்துவிட்டான்.