பூசணத்துக்கு இயற்கை, செயற்கை தெரியாது

மணிலாக்கொட்டை என்று பெயர் வாங்கி, நம்ம பக்கத்தில் மல்லாட்டை ஆகிப்போன பயிர் நிலக்கடலை. பிறந்த இடம் தென் அமெரிக்கா. ஆனாலும் விழுப்புரம், செஞ்சி, அனந்தபுரம் மானாவாரி நிலத்துக்கு இதைப்போலப் பொருந்தி வந்த பயிர் வேறு கொஞ்சம்தான். ஒரு காலத்தில் தென்னாற்காட்டு மல்லாட்டை புதுச்சேரித் துறைமுகம் வழியாக பிரான்சு வரைக்கும் கப்பலேறியது. டி.எம்.வி. ரகங்களின் பெயரில் இருப்பதே திண்டிவனம்தான். அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த டி.எம்.வி. 2, ஆந்திரா, கர்நாடகா வரை பரவியது.

சத்திலும் குறைச்சல் இல்லை. நூறு கிராம் பருப்பில் சுமார் 25 கிராம் புரதம். பாதிக்குப் பாதி எண்ணெய். ஃபோலேட், நியாசின், மெக்னீசியம், வைட்டமின் ஈ எல்லாம் உண்டு. பாதாமுக்குக் கொடுக்கிற காசில் சின்னப் பங்கு போதும். அவித்த மல்லாட்டை ஒரு கைப்பிடி, கொஞ்சம் வெல்லம்: பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்? சிலருக்கு மட்டும் ஒவ்வாமை உண்டு. தின்றதும் முகம் வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போகணும். சின்னக் குழந்தைக்கு முழுப் பருப்பாகக் கொடுக்கக் கூடாது, தொண்டையில் அடைக்கும்.

இதையெல்லாம் நாம் மேடைக்கு மேடை பேசுகிறோம். பேசாமல் விடுவது பூசணத்தைப் பற்றி.

1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்து விழுந்தன. காரணம் தேடிப் போனால், தீவனத்தில் கலந்த கடலைப் புண்ணாக்கு. அதில் வளர்ந்த ஒரு பூசணம் சுரந்த நச்சுக்குத்தான் அஃப்ளாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். 1974-ல் ராஜஸ்தான், குஜராத் எல்லையோரக் கிராமங்களில் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதுவும் இதே நச்சுதான். கொஞ்சம் கொஞ்சமாக வருசக்கணக்கில் உள்ளே போனால் கல்லீரல் புற்றுநோய்க்கு வழி. வறுத்தாலும் அவித்தாலும் முழுசாகப் போகாது. கசக்கிற பருப்பைத் துப்பிவிடலாம். ஆனால் கசக்காத பருப்பிலும் இருக்கலாம்.

இங்கே நமக்கு ஒரு சங்கடம் இருக்கு. ரீஃபைன்ட் ஆலையில் காரம் சேர்த்துச் சுத்திகரிக்கும்போது இந்த நச்சு பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. செக்கில் அந்த வேலை கிடையாது. நல்ல பருப்பைத் தின்னவும் விதைக்கும் எடுத்துவிட்டு, சூம்பல், சொத்தை, நிறம் மாறினதையெல்லாம் செக்குக்கு அனுப்புகிற பழக்கம் பல ஊரில் இருக்கு. அப்படி ஆட்டின எண்ணெயை ‘மரச்செக்கு, இயற்கை’ என்று சீட்டு ஒட்டி விற்றால், நம்பி வாங்குகிற குடும்பத்துக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? அதுக்காக ரீஃபைன்ட் பக்கம் போகச் சொல்லவில்லை. செக்குக்குப் போகிற பருப்பு, நம்ம பிள்ளை தின்கிற பருப்பாக இருக்கணும் என்கிறேன்.

எண்ணெயில் இறங்குவது கொஞ்சம்; பெரும்பங்கு புண்ணாக்கில் தங்கும். அதை மாடு தின்றால் பாலில் வரும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் நடத்திய நாடு தழுவிய பால் ஆய்வில், இந்த நச்சு அளவுக்கு மேல் இருந்த மாதிரிகள் அதிகம் கிடைத்த மாநிலம் தமிழ்நாடு: 551-ல் 88. தீவனமே காரணம் என்றார்கள்.

தடுக்கிற வழி விலை கொடுத்து வாங்குவது இல்லை. பூ, விழுது இறங்கும் 45-ஆம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைத்தால் ஓடு கெட்டிப்படும். கடைசி மூணு, நாலு வாரம் காயவிட்டால் பூசணம் காய்க்குள் நுழையும். கிணறு இருந்தால் ஒரு தண்ணி கொடுத்துவிடணும். ஓட்டின் உட்புறம் கறுத்ததும் பிடுங்கணும். கொடியைக் காய் மேலே இருக்கும்படி கவிழ்த்துக் காயவைக்கணும். குலுக்கினால் பருப்பு ஓட்டுக்குள் கலகலக்கணும். மண்வெட்டி பட்ட காயையும் கறையான் அரித்த காயையும் தனியே ஒதுக்கணும். சுலபமாக உரிக்கத் தண்ணி தெளிப்பதை அடியோடு விடணும். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்கணும். ஒதுக்கினதை மனுசருக்கும் வேண்டாம், மாட்டுக்கும் கோழிக்கும் வேண்டாம்.

ஆனால் ஆடிப்பட்டத்து மல்லாட்டை பிடுங்கும் நேரம், ஐப்பசி மழை வாசலில் நிற்கும். களம் இல்லாதவர் தார் ரோட்டில் காயப்போடுகிறார். மழை வந்தால் சுருட்ட இடமில்லை. ஊருக்கு ஒரு உலர்களம், கூடவே ஒரு கூரை, ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஈரமும் பூசணமும் பார்க்க ஒரு ஏற்பாடு: இதை நாம் கிராமசபையிலேயே கேட்கலாம். நல்லாக் காயவைத்தவனுக்கும் ஈரத்தோடு கொட்டினவனுக்கும் ஒரே விலை என்றால், எவன் நாலு நாள் வெயிலில் நின்று காய் புரட்டுவான்?

ரசாயனம் போடாதது பாதி வேலைதான். மீதிப் பாதி களத்தில் இருக்கு. அதையும் முடித்தபிறகு சீட்டு ஒட்டுவோம்.