சோதனை நம்மைத் தேடி வரட்டும்

மருந்து தேடும் முன் நோய் இன்னதென்று அறிய வேண்டும் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் அதை அறிவதற்கு நோயாளி எவ்வளவு தூரம் போக வேண்டும், எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதை நாம் அதிகம் சிந்திப்பதில்லை. கையடக்கமான, விலை மலிவான வைரஸ் சோதனைக் கருவிகள் வந்துவிட்ட இக்காலத்தில், நோயாளி சோதனையைத் தேடி அலைவது முறையா, சோதனை நோயாளியைத் தேடி வருவது முறையா? இரண்டாவதே முறை என்பது எங்கள் கருத்து.

இதற்கு நம் தமிழ்நாடே ஒரு நல்ல சான்று. 1986ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன் அவர்களின் வழிகாட்டுதலில், மாணவி நிர்மலா என்பவர் எச்.ஐ.வி. கிருமியைக் கண்டறியும் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். எண்பதுக்கும் மேற்பட்ட பெண்களின் இரத்த மாதிரிகளைச் சேகரித்துத் தம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் காத்தார். சென்னையில் அச்சோதனைக்கு வசதி இல்லை. ஆகவே மாதிரிகளைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து இரவு ரயிலில் காட்பாடிக்குச் சென்று, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தார். ஆறு மாதிரிகள் நிறம் மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அன்றுதான் தெரிய வந்தது.

இன்று நிலைமை என்ன? கருவுற்ற தாய்மாருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, செவிலியரே எச்.ஐ.வி. முதற்சோதனை செய்கிறார். அரை மணிக்குள் முடிவு தெரிகிறது. கிருமி இருக்கலாம் என்று காட்டினால் மட்டும் அத்தாயை மேல் சோதனைக்கு அனுப்புகிறார்கள். ரயிலேறிச் சென்ற சோதனை நாற்பதாண்டுகளுக்குள் கிராமத்துக்கே வந்துவிட்டது. தாயிடமிருந்து குழந்தைக்கு நோய் செல்லாமல் காப்பதற்கு இது பேருதவியாக உள்ளது.

இத்தகைய சோதனை அட்டை வேலை செய்யும் விதம் எளிதானதே. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல, அட்டைக்குள் இருக்கும் தாள் துளித் திரவத்தை உறிஞ்சி முன்னே நகர்த்துகிறது. வழியில் உள்ள நிறத்துகள்கள் நாம் தேடும் பொருளைப் பற்றிக்கொண்டு சென்று ஒரு கோட்டில் தங்குகின்றன. அங்கே நிறம் தெரிந்தால் நோய்க்கு அடையாளம். இன்னொரு கோடு, அட்டை சரியாக வேலை செய்ததா என்பதைக் காட்டுகிறது. இதற்கு மின்சாரமும் வேண்டாம், பெரிய இயந்திரமும் வேண்டாம்.

இனி நம் பெரியபாளையத்தை எண்ணிப் பாருங்கள். ஆடி மாதத்தில் பவானி அம்மன் கோயிலுக்குப் பல ஊர்களிலிருந்தும் மக்கள் திரண்டு வந்து தங்குகிறார்கள். அதையடுத்து மழைக்காலம், தேங்கிய நீர், கொசு. கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளிலோ வயல்களிலோ உழைப்பவருக்குக் காய்ச்சல் கண்டால், சோதனைக்காக வெளியூர் போகும் ஒவ்வொரு நாளும் கூலி போன நாள்தான். ஆகவே கடையில் ஏதாவது மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்குப் போகிறவர்களே அதிகம்.

“டெங்குவுக்குத் தனி மருந்தே இல்லையே, சோதித்து என்ன பயன்?” என்று சிலர் கேட்கலாம். பயன் உண்டு. டெங்கு என்று தெரிந்தால் ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளைத் தவிர்க்கலாம். அவை இரத்தக்கசிவை அதிகமாக்கக் கூடியவை. மேலும், டெங்குவில் காய்ச்சல் தணியும் வேளையில்தான் அபாயம் தொடங்குகிறது. குணமாகிவிட்டது என்று எண்ணிக் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும் நாளே ஆபத்தான நாளாக இருக்கக்கூடும். டெங்கு கிருமியின் என்.எஸ்.1 என்னும் புரதத்தை முதல் ஐந்து நாட்களுக்குள் இரத்தத்தில் காண முடியும். அந்த ஐந்து நாட்களைப் பயணத்திலும் காத்திருப்பதிலும் கழிக்கலாமா?

ஆனால் விரைவு ஒன்றையே கண்டு மயங்கிவிடக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2020 ஏப்ரலில் கொரோனாவுக்காகச் சீனாவிலிருந்து வாங்கிய துரிதச் சோதனை அட்டைகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்ட முடிவுகளைக் காட்டின. அவற்றைத் திருப்பி அனுப்புமாறு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே மாநிலங்களுக்குக் கூறியது. டெங்குவிலும் துரித அட்டையின் முடிவை மத்திய அரசு உறுதியான முடிவாக ஏற்பதில்லை. எலிசா சோதனையையே பரிந்துரைக்கிறது. ‘இல்லை’ என்று அட்டை காட்டினாலும் நோய் இருக்கக்கூடும். எனவே அட்டையை ஒரு சல்லடையாகக் கொள்வோம். தீர்ப்பாகக் கொள்ள வேண்டாம். எச்.ஐ.வி.க்கு முதற்சோதனை ஊரிலும் உறுதிச் சோதனை மேலிடத்திலும் நடப்பது போல, காய்ச்சலுக்கும் நடக்கலாம் அல்லவா? அவ்வாறு செய்தால் மாதிரி மட்டும் பயணம் செய்யும். நோயாளி வீட்டில் ஓய்வாக இருப்பார்.

விலையையும் எண்ண வேண்டும். 2021இல் புனே நகரின் மைலேப் நிறுவனம் வீட்டிலேயே செய்துகொள்ளும் கொரோனா சோதனைப் பெட்டியை 250 ரூபாய்க்கு வெளியிட்டது. அவ்வாண்டு தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் நாட்கூலி 273 ரூபாய். வசதி உள்ளவருக்கு மலிவானது ஏழைக்கு ஒரு நாள் உழைப்பு! ஆகவே மருந்துக் கடையில் கிடைத்தால் மட்டும் போதாது. அரசின் சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்க வேண்டும்.

இன்னும் நுட்பமான சோதனையும் எளிதில் எடுத்துச் செல்லும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. கோவாவின் மோல்பயோ நிறுவனத்தின் ட்ரூநாட் கருவி மின்கலத்தால் இயங்குவது. கிருமியின் மரபுப்பொருளையே சுமார் ஒரு மணி நேரத்தில் கண்டறிவது. 2020இல் அது கொரோனா சோதனைக்கு அனுமதி பெற்றது. அதே ஆண்டில் காசநோய்ச் சோதனைக்கு உலக சுகாதார நிறுவனமும் அதனைப் பரிந்துரைத்தது. நம் நாட்டு அறிஞர்கள் நம் நாட்டின் வெயிலையும் மின்வெட்டையும் மனத்திற்கொண்டு செய்த கருவி இது என்பதில் நமக்குப் பெருமை உண்டு.

ஆகவே நாங்கள் வேண்டுவது மூன்று. மழைக்காலம் தொடங்குமுன் ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்திலும் தரம் பார்த்து வாங்கிய சோதனை அட்டைகள் இருக்க வேண்டும். அவற்றைக் கையாளக் கிராம சுகாதார செவிலியருக்குப் பயிற்சி தர வேண்டும். உறுதிச் சோதனைக்கு மாதிரிகளை எடுத்துச் செல்ல ஓர் ஏற்பாடு வேண்டும்.

மாணவிகளாகிய நமக்கும் கடமை உண்டு. வீட்டில் யாருக்கேனும் காய்ச்சல் வந்தால், அது தொடங்கிய தேதியைக் குறித்து வைப்போம். எந்தச் சோதனை எந்த நாளில் பயன்படும் என்பதை மருத்துவர் முடிவு செய்ய அந்தத் தேதி உதவும். தாமாக மாத்திரை வாங்க வேண்டாம் என்று பெற்றோரிடம் சொல்வோம். அன்று ரயிலில் இரத்த மாதிரிகளைச் சுமந்து சென்றவரும் ஒரு மாணவியே என்பதை நினைவில் கொள்வோம்.

— பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு