ஆயிரத்து ஆறு கோப்புகள்

2015 ஜூலை இறுதியில், சிறார் பாலியல் வன்முறை விஷயத்தில் நிறுவனங்கள் நடந்துகொண்ட விதத்தை ஆராய்ந்துவந்த ஆஸ்திரேலிய அரச ஆணையம், சிட்னியில் தன் 29ஆம் எண் விசாரணையைத் தொடங்கியது. விசாரிக்கப்பட்டது யெகோவாவின் சாட்சிகள் அமைப்பு. ஆணையம் கேட்டு வாங்கிய ஆவணங்களில், 1950 முதல் குழந்தைகளிடம் பாலியல் குற்றம் புரிந்ததாகப் புகார் எழுந்த 1,006 பேரைப் பற்றிய கோப்புகள் இருந்தன. அவர்களில் 579 பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள். 401 பேர் சபையிலிருந்து நீக்கப்பட்டார்கள். அந்த 401இல் 230 பேர் பிறகு திரும்பச் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். சபையே முன்வந்து காவல்துறைக்குத் தெரிவித்தது எத்தனை பேரைப் பற்றி என்று தேடினால், ஒருவரைப் பற்றியும் இல்லை.

குழந்தைப் பாதுகாப்புப் பணியில் இருப்பவர்களை இந்தக் கணக்கு சற்று கூடுதலாகவே உறுத்த வேண்டும். எழுதி வையுங்கள், ஒன்றுவிடாமல் எழுதி வையுங்கள் என்றுதான் ஒவ்வொரு பயிற்சி வகுப்பிலும் சொல்லித்தரப்படுகிறது. அந்தச் சபை எழுதித்தான் வைத்திருந்தது. புகார், ஒப்புதல், நீக்கம், மறுசேர்க்கை என்று அறுபது ஆண்டுகளுக்கு மேலான வரலாறு கோப்புகளில் அடுக்காக இருந்தது. கோளாறு வேறிடத்தில்.

அங்கே புகார் வந்தால் விசாரிப்பவர்கள் சபையின் மூப்பர்கள், அனைவரும் ஆண்கள். குற்றம் சாட்டப்பட்டவர் மறுத்துவிட்டால், இரண்டு சாட்சிகள் வேண்டும். உபாகமத்தின் 19ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்த விதி இது. பூட்டிய அறைக்குள் நடக்கும் குற்றத்துக்கு இரண்டாவது சாட்சி எங்கிருந்து வருவார்? தனக்கு நேர்ந்ததைச் சிறுமியோ இளம்பெண்ணோ ஆண் மூப்பர்கள் மத்தியில் விவரிக்க வேண்டியிருந்தது. சில நேரம் குற்றம் சாட்டப்பட்டவரையும் எதிரில் வைத்துக்கொண்டு. இவ்வளவுக்கும் பிறகு விசாரணை முடிவு செய்யப்போவது ஒன்றைத்தான்: அவர் மனந்திரும்பினாரா, சபையில் நீடிக்கத் தகுந்தவரா? அந்த விசாரணையில் கட்சிக்காரர் பாவி மட்டுமே. குழந்தைக்குச் சாட்சியின் இடம்தான். அடுத்த குழந்தைக்கு அந்த அறையில் இடமே கிடையாது. அமைப்பின் ஆளும் குழுவைச் சேர்ந்த ஜெஃப்ரி ஜாக்சன் ஆணையத்தின்முன் காணொளி வழியாகச் சாட்சியம் அளித்தார். சிறார் வழக்குகளிலாவது இரு சாட்சி விதியைக் கைவிடும்படி ஆணையம் பரிந்துரைத்தது.

விக்டோரியா மாநிலத்தின் பாலரட் கத்தோலிக்க மறைமாவட்டத்தில் நடந்தது, எழுதி வைப்பதைப் பொறுத்தவரை, இதற்கு நேர் எதிர். ஜெரால்ட் ரிட்ஸ்டேல் என்ற பங்குத்தந்தை ஒரு பங்கிலிருந்து மறு பங்குக்கு மாற்றப்பட்டுக்கொண்டே இருந்தார். போன இடமெல்லாம் குழந்தைகளைச் சீரழித்தார். 1982இல் அவரை மார்ட்லேக் பங்கிலிருந்து மாற்றியபோது, ஆயருக்கு ஆலோசனை சொல்லும் குருக்கள் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில், அவரை மாற்றுவது அவசியமாகிவிட்டது என்று ஆயர் தெரிவித்ததாக மட்டும் எழுதப்பட்டது. ஏன் அவசியம் என்பது எழுதப்படவில்லை. ஆயர் ரொனால்ட் மல்கெர்ன்ஸுக்குக் காரணம் நன்றாகவே தெரியும் என்று ஆணையம் பின்னர் முடிவுக்கு வந்தது. ரிட்ஸ்டேல் முதன்முறை தண்டனை பெற்றது 1993இல்தான்.

ஒரு சபை எல்லாவற்றையும் எழுதியது. ஒரு மறைமாவட்டம் எழுதாமல் விட்டது. இரண்டு இடத்திலும் குழந்தைகளுக்கு விளைந்தது ஒன்றே. ஆகவே ஒரு பள்ளியிலோ விடுதியிலோ குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை அழகாக அச்சிட்டு மாட்டப்பட்டிருக்கிறது, புகார்ப் பதிவேடு இருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டு ஆய்வு அறிக்கையில் 'திருப்தி' என்று எழுதுவது போதாது. பதிவேட்டில் ஏறிய புகார் எத்தனை மணி நேரத்தில், யார் கையால், அந்த வளாகத்தைவிட்டு வெளியே போகிறது என்பதையே கேட்க வேண்டும்.

2012 நவம்பரில் பிரதமர் ஜூலியா கில்லார்ட் அறிவித்த அந்த ஆணையம், நீதிபதி பீட்டர் மெக்லெல்லன் தலைமையில் ஐந்து ஆண்டுகள் உழைத்து, 2017 டிசம்பரில் 17 தொகுதிகளில் அறிக்கை தந்தது. எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதன் தனி அமர்வுகளில் பேசினார்கள். நடந்ததை அவர்கள் முதன்முதலாக யாரிடமாவது சொல்ல, சராசரியாக ஏறத்தாழ 24 ஆண்டுகள் ஆகியிருந்தன. இத்தனை ஆண்டு ஏன் வாய் திறக்கவில்லை என்று இன்றும் கேட்கும் காவல் அதிகாரிகளுக்கும் வழக்கறிஞர்களுக்கும், சமயங்களில் ஆற்றுப்படுத்துநர்களுக்கும், அந்த ஒரு எண்ணே பதில்.

அத்தனை காலம் கடந்து வருபவர் யார்மீது வழக்குப் போடுவது? 2007இல், கத்தோலிக்கத் திருச்சபைக்கு எதிரான ஜான் எல்லிஸ் வழக்கில் நியூ சவுத் வேல்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் தந்த பதில் விசித்திரமானது: சட்டத்தின் பார்வையில் திருச்சபை ஒரு நபர் அல்ல, அதன் சொத்துகளை வைத்திருக்கும் அறங்காவலர்கள் பொறுப்பாக மாட்டார்கள். சொத்துக்கு ஆள் உண்டு, குற்றத்துக்கு ஆள் இல்லை. விக்டோரியா 2018இல் தனிச் சட்டம் இயற்றி இந்த ஓட்டையை அடைத்தது. ஆனால் 2024 நவம்பரில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம், பாலரட் மறைமாவட்டம் தொடர்பான வழக்கொன்றில், குருவானவர் ஊழியர் அல்லர் என்பதால் அவர் செயலுக்கு மறைமாவட்டம் பதிலாள் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. பணி ஒப்பந்தம் இல்லாமல் மனிதர்களை வாழ்நாள் முழுவதும் அனுப்பியும் மாற்றியும் ஆளும் அமைப்புகளுக்கு இது வசதியான தீர்ப்பு.

நிறுவனங்களை அசைத்தது எது என்பதற்கு ஒரு சிறு குறிப்பு. 2018இல் தொடங்கிய தேசிய இழப்பீட்டுத் திட்டத்தில் சேர யெகோவாவின் சாட்சிகள் முதலில் மறுத்தார்கள். சேராத அமைப்புகள் அறநிறுவனத் தகுதியையும் அதோடு வரும் வரிச் சலுகையையும் இழக்க நேரும் என்று அரசு சொன்ன பிறகு, 2021இல் சேர முன்வந்தார்கள்.

தமிழ்நாட்டுக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. உதகை மறைமாவட்டத்திலிருந்து 2004இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவுக்குப் பணிக்குச் சென்ற குருவானவர் ஒருவர், புகார் எழுந்தபோது இந்தியா திரும்பியிருந்தார். அவர் இங்கே கைதாகி அங்கே ஒப்படைக்கப்பட்டு, 2015இல் சிறுமி ஒருவருக்கு எதிரான பாலியல் குற்றத்தை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். தண்டனை முடிந்து நாடு திரும்பியவர்மீதான பணிநீக்கத்தை, வத்திக்கானைக் கலந்துகொண்டு, மறைமாவட்டம் 2016இல் விலக்கிக்கொண்டது. இங்கே எதுவும் மறைக்கப்படவில்லை. வெளிநாட்டு நீதிமன்றத்தில் தந்த ஒப்புதல்கூட உள்ளே ஒருவரின் தகுதியைத் தீர்மானிக்கப் போதுமானதாக இல்லை, அவ்வளவுதான். 2019இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொண்டுவந்த விதிமுறை, குருக்களும் துறவியரும் புகாரைத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. ஆனால் தெரிவிக்க வேண்டிய இடம் திருச்சபை அதிகாரிகள். காவல்துறையை அந்தந்த நாட்டுச் சட்டம் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது.

இந்தியச் சட்டம் பார்த்துக்கொள்கிறது, குறைந்தபட்சம் தாளில். போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, குற்றம் நடந்தது தெரிந்த எவரும் சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. குருவுக்கும் மருத்துவருக்கும் ஆற்றுப்படுத்துநருக்கும் அதில் விலக்கு இல்லை. 21ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, தனக்குக் கீழ்ப்பட்டவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. உள்விசாரணை முடியட்டும் என்று காத்திருக்க இந்தப் பிரிவுகளில் இடமில்லை.

சிக்கல் 'தெரிந்த' என்பதில் இருக்கிறது. கேரளத்தின் கொட்டியூர் வழக்கில், மானந்தவாடி மறைமாவட்டக் குருவானவர் ஒருவருக்குத் தலச்சேரி போக்சோ நீதிமன்றம் 2019இல் 20 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. உடன் குற்றம் சாட்டப்பட்ட ஆறு பேரை விடுவித்தது. அதே வழக்கில் முன்னதாக, 2018இல், காவல்துறைக்குத் தெரிவிக்கவில்லை என்று குற்றம் சாட்டப்பட்ட மருத்துவமனையினரை விடுவித்த உச்ச நீதிமன்றம், 19ஆம் பிரிவு தெரிந்ததைச் சொல்லத்தான் கட்டாயப்படுத்துகிறது, துருவி ஆராய்ந்து தெரிந்துகொள்ளக் கட்டாயப்படுத்தவில்லை என்று விளக்கியது. ஆக, தலைமைக்கு எப்போது, எவ்வளவு தெரிந்தது என்பதை அரசுத் தரப்பு நிரூபித்தாக வேண்டும். களப்பணியாளர் நிறுவனத் தலைவரின் அறையில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தது நீதிமன்றத்தில் நிற்காது. காவல் நிலையத்தில் புகாரைப் பதிந்து அதன் எண்ணை வாங்கிய அன்றே, குழந்தையின் பெயரைத் தவிர்த்து, நிறுவனத் தலைவருக்குத் தேதியிட்ட கடிதம் ஒன்றைத் தபாலில் அனுப்பி, அது சேர்ந்ததற்கான சான்றை வழக்குக் கோப்பில் சேர்த்துவிடலாம். பிறகு 'எங்களுக்குத் தெரியாது' என்று யாரும் சொல்ல வந்தால், அரசு வழக்கறிஞர் கையில் அந்தச் சான்று இருக்கும்.