விதைப்புக் காலத்தில் கோழிகளின் கொத்துச் சண்டை

குறுவை நாற்றங்காலில் முளைகட்டிய விதை தெளித்த அன்று தொடங்கி, கிராமங்களில் கோழிகளைப் பற்றிய வழக்கும் தொடங்கிவிடுகிறது. சேற்றின் மேல் கிடக்கும் விதையைக் கோழி பொறுக்குவதும் காலால் கிளறுவதும் கண்கூடு. நாற்றங்காலுக்கு உரியவர் ஊர்ப் பெரியவர்களிடம் வந்து முறையிடுவதும் நியாயமே. முற்காலத்தில் தண்டோராவாலும் இப்பொழுது ஒலிபெருக்கியாலும், இன்ன நாள் முதல் கோழிகளை அடைத்து வைக்க வேண்டியது என்று அறிவிக்கப்படுகிறது. புஞ்சைப் பிரதேசங்களில் நிலக்கடலையும் மக்காச்சோளமும் ஊன்றும் பருவத்தில் இதே கதைதான்.

கோழி வளர்ப்போரில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் நிலமில்லாதவர் பலர். அறிவிப்புக்குக் கட்டுப்பட்டு அவர்கள், இரவில் மட்டும் அடைவதற்கென்று செய்த சிறு கூண்டிலோ பஞ்சாரத்திலோ பத்துப் பன்னிரண்டு கோழிகளைப் பகல் முழுவதும் அடைத்துவிடுகிறார்கள். நான்கைந்து நாட்களில் ஒரு கோழியின் வால்புறம் மொட்டையாகிறது. பின்னர் இரத்தம் காண்கிறது. அதற்கு அடுத்த நாள் அது குடல் பிதுங்கிச் செத்துக் கிடக்கிறது. நாற்று பிழைத்தது, கோழி போயிற்று. நாற்றங்காலில் இழந்த விதைக்குப் பஞ்சாயத்து உண்டு. கூண்டுக்குள் இழந்த கோழிக்கு ஒருவரும் கணக்கு வைப்பதில்லை.

இவ்வாறு நேர்ந்தபோது வீட்டார் சொல்லும் காரணம் ஒன்றே: இன்ன கோழி இரத்த ருசி கண்டுவிட்டது என்பதாம். உடனே அது குழம்புச் சட்டிக்குப் போகிறது. ஆனால் இரண்டு நாள் கழித்து, அதுவரை சாதுவாக இருந்த மற்றொரு கோழி அதே வேலையை ஆரம்பிக்கிறது. குற்றவாளியைத் தண்டித்தும் குற்றம் நிற்கவில்லை என்றால், குற்றம் வேறெங்கோ இருக்கிறதென்று எண்ணிப் பார்ப்பது முறையல்லவா? அடைத்த கோழிகளுக்குள் உண்டாகும் காயம் பெரும்பாலும் கோழியின் குணத்தால் விளைவதன்று. அடைத்த விதத்தால் விளைவது. ஆதலின் அதற்குரிய பொறுப்பில் அடைத்தவருக்கு மட்டுமன்றி, அடைக்கும்படி கேட்ட நிலச்சுவான்தாருக்கும் உத்தரவிட்ட கிராம அதிகாரிக்கும் பங்குண்டு.

இவ்விஷயத்தில் முதலில் தெளியவேண்டியது, கோழிகள் கொத்திக்கொள்வதில் இரண்டு வகை உண்டு என்பதே. ஒன்று அதிகாரக் கொத்து. நார்வே தேசத்தைச் சேர்ந்த தோர்லைஃப் ஷெல்டருப்-எப்பே என்பவர் சிறுவனாக இருந்த காலம் முதல் கோழிகளைக் கவனித்து வந்து, 1922-ல் அவற்றின் நடத்தையைப் பற்றி ஜெர்மன் மொழியில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். ஒரு கூட்டத்திலுள்ள கோழிகளுக்குள் மேல் கீழ் என்ற ஒரு வரிசை உண்டு. மேலுள்ளது கீழுள்ளதைக் கொத்தும். கீழுள்ளது திருப்பிக் கொத்தாது ஒதுங்கும் என்பது அவர் கண்ட உண்மை. புறக்கடையில் கோழி வைத்திருக்கும் எந்தக் கிழவியும் இதைப் புத்தகம் இல்லாமலே அறிவாள். இன்ன கோழி முதலில் தின்னும், இன்னது ஓரத்தில் நிற்கும் என்று அவள் பெயர் சொல்லிக் காட்டுவாள். இந்தக் கொத்து தலையிலும் கொண்டையிலும் விழும், சட்டென்று முடியும். வரிசை நிலைத்த பின் ஒரு பார்வையே போதுமானது. எட்டுப் பத்து வாரமான குஞ்சுகளைத் தாய்க்கோழி கொத்திப் பிரிப்பதும் குற்றமல்ல. மறு ஈட்டுக்கு அது ஆயத்தமாவதற்கு அடையாளம். இவற்றில் மனிதர் தலையிட வேண்டிய அவசியமே இல்லை.

மற்றொன்று இறகு பிடுங்குதல். இது முதுகிலும் வாலடியிலும் எச்சத்துவாரத்தைச் சுற்றியும் நிகழ்வது. இதில் கோபம் இல்லை. கொத்தும் கோழி நிதானமாக, புல்லைக் கொத்துவது போலவே மற்றதன் இறகைப் பிடுங்குகிறது. சில சமயம் தின்றும் விடுகிறது. அதன் காரணம் அதன் அலகின் தொழிலிலேயே இருக்கிறது. வெளியில் திரியும் கோழி விடிந்தது முதல் அடையும்வரை பெரும்பாலான நேரத்தைத் தரையைக் கொத்துவதிலும் கிளறுவதிலும் செலவிடுகிறது. குப்பைமேடும் எருக்குழியும் வைக்கோற்போரின் அடியும் அதன் வேலைத்தலங்கள். வெறுந்தரையுள்ள கூண்டில் அடைத்து ஒரு கிண்ணம் நொய் வைத்தால், அரைமணி நேரத்தில் வயிறு நிரம்பிவிடும். அலகுக்கோ மீதிப் பகல் முழுவதும் வேலையில்லை. அருகில் அசைந்துகொண்டிருப்பது அடுத்த கோழியின் இறகு ஒன்றே. தரையைக் கொத்த வழியில்லாத கோழி அந்தக் கொத்தை இறகின்மேல் திருப்புகிறது என்பதை ஹாலந்து தேசத்து ஆராய்ச்சியாளர் ப்ளோக்ஹவுஸ் 1986-ல் எடுத்துக்காட்டினார். வேலையற்ற அலகின் வினையே இது.

அதனோடு தீனிக் குறைவும் சேருகிறது. திரியும் கோழி புழு பூச்சி கரையான்களால் தன் புரதத்தைத் தானே தேடிக்கொள்ளும். அடைபட்ட கோழிக்குக் கிடைக்கும் நொய்யில் நூற்றுக்குச் சுமார் 8 பங்கே புரதம் உண்டு. முட்டையிடும் கோழிக்கோ 16 பங்கு வேண்டும். இறகு வளர்வதற்கு இன்றியமையாத மெத்தியோனின் என்னும் சத்தும் தானியத்தில் குறைவு. உப்புக் குறைந்தாலும் கோழிகள் இறகையும் இரத்தத்தையும் நாடும். இந்தக் குறைகளோடு நெருக்கமும் வெப்பமும் செள்ளும் சேர்ந்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. மூன்றடி அகலமுள்ள பஞ்சாரத்தின் தரை ஏழு சதுர அடி. பன்னிரண்டு கோழிகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் முக்கால் சதுர அடிகூட இல்லை. கண் தெரியாத இரவில் இது போதும். பகலில், கொத்து வாங்கும் கோழி ஒதுங்குவதற்கு ஓர் இடமில்லாத நிலையில், அதிகாரக் கொத்தும் காயத்தில் முடிகிறது.

இளம்பெட்டைகளுக்கு நேரும் அபாயம் தனியே சொல்லத்தக்கது. முட்டை வெளிப்படும்போது எச்சத்துவாரத்தின் உட்புறச் சதை சிறிது நேரம் சிவந்து வெளியே தெரியும். இருண்ட மூலையில் தனித்து முட்டையிட்டால் அது பிறர் கண்ணில் படாமல் உள்ளே அடங்கிவிடும். கூட்டத்தின் நடுவே வெளிச்சத்தில் முட்டையிட நேர்ந்தால், சிவப்பைக் கண்ட கோழிகள் அங்கேயே கொத்துகின்றன. முதலில் கூறிய குடல் பிதுங்கிய சாவு பெரும்பாலும் இவ்விதம் நேர்வதே. கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பது பழமொழி. கோழி கொத்திக் கோழி சாகும் என்பதில் ஐயமில்லை.

இதற்குப் பரிகாரமாக அலகை வெட்டும் வழக்கம், முட்டை வியாபாரப் பண்ணைகளைப் பார்த்து நாட்டுக்கோழி வளர்ப்போரிடமும் சிறிது சிறிதாகப் பரவி வருகிறது. அலகு நுனியைச் சுடும் முறை 1930-களில் அமெரிக்காவில் ஓஹையோ ஆராய்ச்சி நிலையத்தில் கையாளப்பட்டுப் பின்னர் உலகெங்கும் சென்றது. அதற்கும் முன்னர் அந்நாட்டில் ஒருவர் கோழிக்கு மூக்குக்கண்ணாடி செய்து 1903-ல் காப்புரிமையும் பெற்றார்! கண்ணாடியால் கோழிக்குத் துன்பம் குறைவு என்றாவது சொல்லலாம். அலகு நகத்தைப் போன்ற உயிரற்ற பொருளன்று. அதன் நுனியில் நரம்புகள் நிறைந்துள்ளன. வெட்டிய இடத்தில் நரம்புகள் முடிச்சிட்டு நெடுநாள் வலி தரக்கூடும் என்பது எடின்பரோவில் 1980-களில் நடந்த ஆராய்ச்சிகளால் விளங்கிற்று. நார்வே 1974-லும் சுவீடன் 1988-லும் இதைச் சட்டத்தால் தடுத்துவிட்டன. ஆயிரக்கணக்கில் அடைத்து வளர்க்கும் பண்ணைகளின் நியாயம் எதுவாயினும், பத்துக் கோழி வைத்திருக்கும் வீட்டிற்கு அது பொருந்தாது. நாற்று பிழைத்ததும் திறந்துவிடப்படும் கோழி அந்த அலகினாலேயே பிழைக்க வேண்டும். நுனியிழந்த கோழியால் கீரையைச் சரிவரக் கிழிக்கவும் முடியாது. தன் உடம்பிலுள்ள பேனைப் பொறுக்கவும் முடியாது. பத்து நாள் தொல்லைக்காக ஆயுள் முழுவதும் ஊனமாக்குவது விவேகமன்று.

செய்யத்தக்கது எளியது. கூண்டை இரவுக்கு வைத்துக்கொண்டு, பகலுக்கு வேப்பமரத்தடியிலோ கொட்டகை ஓரத்திலோ வலையால் ஒரு சிறு அடைப்புக் கட்டவேண்டும். கோழி ஒன்றுக்குக் கூரையின் கீழ் 2 சதுர அடியும் வெளியில் 8 முதல் 10 சதுர அடியும் இருப்பது நலம். பன்னிரண்டு கோழிகளுக்குப் பத்தடிக்குப் பன்னிரண்டடி போதுமானது. தரையில் ஒரு சாண் கனத்துக்கு வைக்கோலும் சருகும் பதரும் பரப்பி, கம்பையோ நொய்யையோ கிண்ணத்தில் வையாமல் அதற்குள்ளே தூவிவிட்டால், கோழிகள் நாள் முழுவதும் கிளறிக்கொண்டிருக்கும். இந்த ஒரு மாற்றமே பாதித் தொல்லையைத் தீர்க்கும். அகத்தி, முருங்கைக் கொத்துகளைக் கோழியின் தலைக்குச் சற்று மேலே கட்டித் தொங்கவிடலாம். பழைய சாக்கும் உலர்ந்த சாணமும் திணித்து நீர் தெளித்த மண்பானையைப் புற்றுள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால், காலையில் கரையான் நிறைந்திருக்கும். அதைவிட நல்ல புரதம் விலைக்குக் கிடைப்பது அரிது. எள்ளுப் பிண்ணாக்கும் நல்லதே. பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கோ நஞ்சு. கருவாட்டுத் தூள் சேராத தீனியானால் கிலோவுக்கு 3 கிராம் உப்பைப் பொடித்துச் சீராகக் கலக்கவேண்டும். கை கணக்கில் அள்ளிப் போடுவது கோழியைக் கொன்றுவிடும். தீனியும் தண்ணீரும் இரண்டு மூன்று இடங்களில் இருந்தால் ஓரத்தில் நிற்கும் கோழியும் பசியாறும். நான்கைந்து கோழிகளுக்கு ஒன்றாக, வைக்கோலிட்ட கூடையோ உடைந்த பானையோ இருண்ட மூலையில் வைப்பதும், சாம்பலும் மணலும் கலந்த குழி ஒன்று புரள்வதற்கு விடுவதும் மறக்கலாகாது.

இரத்தம் கண்ட கோழியை அப்பொழுதே பிரித்துவிடவேண்டும். ஒரு நாழிகைத் தாமதமும் ஆகாது. காயத்தைக் கழுவி, மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவுவது கிராமத்து வழக்கம். கசப்பினால் மற்றவை வாய் வைப்பதில்லை. குடல் பிதுங்கியதாயின் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே தக்கது. கொத்தும் கோழியைச் சில நாள் தனியே வைத்திருந்து விட்டால் அதன் மிடுக்குக் குறைவதும் உண்டு. ஆனால் காயப்பட்ட கோழி மூன்று வாரம் பிரிந்திருந்து திரும்பினால் கூட்டம் அதை அந்நியமாகவே எண்ணும். ஆகையால் அதை வலைக்கு அப்பால் கண் பார்வையிலேயே வைத்திருப்பது நல்லது. புதிதாக வாங்கிய கோழிகளுக்கும், இலவசமாகப் பெற்ற குஞ்சுகளுக்கும் இதே விதி. வெள்ளைக்கழிச்சல் பயத்துக்காக மூன்று வாரம் தூரத்திலும், பின்னர் ஒரு வாரம் வலைக்கு அப்பாலும் வைத்து, ஒன்றை மட்டும் விடாமல் பலவற்றைச் சேர்த்து, கோழி அடையும் நேரத்தில் விட்டால் சண்டை குறையும். பெருவிடைச் சேவல்களுக்கு இவை ஒன்றும் செல்லாது. அவற்றைத் தனித்தனியே வைப்பது தவிர வேறு வழியில்லை.

இனி நிலமுடையோர் பக்கம். பத்து நாள் அடைப்புக்கு இவ்வளவு ஏற்பாடா என்று அவர்களில் சிலர் கேட்கக்கூடும். பத்து நாளில் கற்ற இறகு பிடுங்கும் பழக்கத்தைக் கோழி பத்து நாளில் மறப்பதில்லை; ஒன்றைப் பார்த்து மற்றொன்றும் கற்கிறது. அன்றியும் ஏற்பாட்டின் செலவு எவ்வளவு? அடைப்புக்கு வேண்டிய வைக்கோலும் பதரும் நிலமுடையோரின் களத்திலேயே கிடக்கின்றன. நிலமில்லாத வீட்டில் அவை இல்லை. இரண்டு கட்டு வைக்கோல் கொடுத்து அனுப்பிவிட்டுக் கோழியை அடைக்கச் சொல்பவரின் சொல்லுக்கு ஊரில் மதிப்பும் அதிகம்.

நாற்றங்காலையே வேலியிடுவது இன்னும் மேலானது. ஒரு ஏக்கர் நடவுக்கு வேண்டிய 8 சென்ட் நாற்றங்கால் சதுரமாக அமைந்தால் அதன் சுற்றளவு 240 அடிக்குள் அடங்கும். இயந்திர நடவுக்கும் திருந்திய நெல் சாகுபடிக்கும் போடும் பாய் நாற்றங்காலோ ஒரு சென்ட் அளவே. அதைச் சுற்ற 85 அடி வலை போதும். ஐந்தடி உயரத்தில் தொய்வாகக் கட்டிய பழைய மீன்வலையின்மேல் கோழியால் ஏறி உட்கார முடியாது. பல போகத்துக்கும் அதே வலை உதவும்.

கிராம அதிகாரிகளும் ஊராட்சித் தலைவர்களும் அறிவிப்பை விதை தெளித்த மறுநாள் செய்யாமல் பத்து நாள் முன்னதாகச் செய்தால், அடைப்புக் கட்டுவதற்கு அவகாசம் இருக்கும். எந்நாள் முதல் எந்நாள் வரை என்பதையும் சொல்லவேண்டும். முடிவு நாள் சொல்லாத அறிவிப்பினால், நாற்று ஒரு சாண் உயர்ந்த பின்னும் கோழிகள் பஞ்சாரத்துக்குள்ளேயே கிடப்பது பல ஊர்களில் காணும் காட்சி. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறக்கப்படும் வருஷங்களில், குறுவை அறிவிப்பு வைகாசி மாதக் கடைசியிலேயே ஊருக்குத் தெரிந்துவிட வேண்டும்.