தோளிலே துண்டு!

ஆரணிக் கடைவீதியிலே நின்று பாருங்கள், தோழர்களே! போகிறவர் வருகிறவர் முகத்தை விடுங்கள். கழுத்தையும் தோளையும் மட்டும் கவனியுங்கள். ஒருவர் ஈரிழைத் துண்டை ஒற்றைத் தோளிலே மடித்துப் போட்டிருப்பார். இன்னொருவர் கட்சிக் கரை போட்ட துண்டை இரு தோளிலும் மாலைபோலத் தொங்கவிட்டிருப்பார். கல்யாண வீட்டுக்குப் புறப்பட்ட பெரியவர், விசிறி மடிப்புக் கலையாத பட்டு அங்கவஸ்திரத்தை உடைந்துவிடும் பண்டம்போலச் சுமந்து நடப்பார். மார்கழிப் பனிக்கு மஃப்ளர் சுற்றிய கழுத்து ஒன்று. வேலைக்கான நேர்முகத்துக்கு டை கட்டிய இளங்கழுத்து ஒன்று. தறிக் குழியிலே கால்வைத்து உட்கார்ந்திருக்கும் நம் நெசவாளத் தோழரோ துண்டைத் தலையிலே கட்டியிருப்பார். நெற்றி வியர்வை பாவிலே சொட்டிப் பட்டு கறைபட்டால், யார் அவருக்கு முழுக்கூலி தருவார்?

எந்தத் துண்டை வாங்குவது, எப்படிப் போடுவது, இதற்கு ஒரு தலையங்கமா என்று கேட்பீர்கள். கேளுங்கள், சொல்கிறோம்.

ஒரு முழத் துணிதான். ஆனால் அந்த ஒரு முழத்தைத் தோளிலே போட இந்த நாட்டிலே எத்தனை பேர் உதைபட்டார்கள்! திருவிதாங்கூரிலே பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டம் பல்லாண்டுகள் நீடித்தது. 1859-இல் அரச ஆணை வந்தது. மார்பை மறைத்துக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி போடக்கூடாது என்று அதற்கொரு வாலும் ஒட்டியிருந்தது! 1930-ஆம் ஆண்டு டிசம்பரிலே, இராமநாதபுரம் மாவட்டத்து ஆதிக்கக்காரர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் உடுத்தக்கூடாது, இடுப்புக்கு மேலேயும் உடுத்தக்கூடாது. சட்டையும் கூடாது, பனியனும் கூடாது. குடையும் கூடாது, செருப்பும் கூடாது. நம் கற்பனையல்ல இது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் என்ற ஆங்கில அதிகாரி, சாதியைப் பற்றிய தம் நூலிலே வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். அடுத்த ஆண்டு அந்த எட்டு, பதினொன்றாக வளர்ந்தது என்பதையும் சேர்த்து!

செட்டிநாட்டிலே ஒரு திருமண ஊர்வலம். நாதசுரம் வாசித்தவர் மதுரை சிவக்கொழுந்து. ஊதி ஊதி வியர்த்த முகத்தைத் துடைக்கத் தோளிலே ஒரு துண்டு. அதை எடு என்றார்கள் பெரிய மனிதர்கள். இசை வேண்டும், இசைத்தவனுக்கு மரியாதை வேண்டாம்! எடுக்காதே, வாசி என்று பக்கத்திலே நின்றார் பட்டுக்கோட்டை அழகிரி. சுயமரியாதை இயக்கத்தின் தொடக்க காலத்துச் செய்தி. தோழர்களே, இன்று நாம் நீளத் துண்டைத் தெருவெல்லாம் புரள விடுகிறோமே, அது அந்தத் துண்டின் பிள்ளை!

பழங்கதை என்பீர்களா? 2014 ஜூலையிலே, உயர்நீதிமன்ற நீதிபதி அரி பரந்தாமன் வேட்டி கட்டி வந்ததற்காகச் சேப்பாக்கத்துக் கிரிக்கெட் சங்க மன்றத்து வாசலிலே தடுக்கப்பட்டார். ஒரு நூல் வெளியீட்டு விழாவுக்கு வந்தவர் அவர். அடுத்த மாதமே சட்டமன்றம் தடையை உடைத்துச் சட்டம் செய்தது. வேட்டிக்குத் தடை போட்டால் உரிமம் பறிபோகும், ஓராண்டுச் சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

அதற்காக டையை நாம் பகைக்கவில்லை. அண்ணல் அம்பேத்கரின் சிலையைப் பாருங்கள். கோட்டும் டையும் இல்லாத சிலை எங்கே இருக்கிறது? அரைத்துணிக்கு மேல் உனக்கு ஆகாது என்றவர்களின் கண்முன்னே அவர் கட்டிய டை அது. விரும்பியவன் கட்டினால் டை. கட்டித்தான் ஆகவேண்டும் என்றால் தாம்புக்கயிறு!

இனி நம் வீட்டுக் குப்பைக்கு வருவோம். ஆரணியிலே நாம் கண்ட காட்சி இது. பொறுப்பாளர் ஒருவரின் கார் வந்து நின்றது. முப்பதாண்டுகளாகக் கொடி பிடித்த நெசவாளத் தோழர் ஒருவர், அறுபதைத் தாண்டியவர், சட்டென்று தோளிலே இருந்த துண்டை இறக்கி இடுப்பிலே கட்டிக்கொண்டு வளைந்து நின்றார். நமக்குச் சுரீர் என்றது. பதவி தோள்துண்டு, கொள்கை இடுப்பு வேட்டி என்ற பொருள்பட அண்ணா சொன்னதை மேடைதோறும் சொல்கிறோம். சரிதான். காரிலே வந்தவரின் துண்டு பதவியாகவே இருக்கட்டும். காத்து நின்றவரின் துண்டு அவருடைய மானமல்லவா? இறக்கியது அவர் தவறென்று நாம் சொல்ல மாட்டோம். இறக்காதீர்கள் ஐயா என்று கையைப் பிடித்துத் தடுக்காத பொறுப்பாளரைத்தான் கேட்கிறோம்.

பொன்னாடைக்கு வருவோம். பட்டு நெய்கிற ஊர் இது. ஆனால் இங்கே மேடையிலே போர்த்துகிறார்களே, அதிலே பட்டும் இல்லை, பொன்னும் இல்லை! பளபளக்கும் செயற்கை இழை. வியர்வையைத் துடைத்தால் வியர்வை போகாது, முகம்தான் கீறும். கூட்டம் முடிந்ததும் காரின் பின் இருக்கையிலே குவியலாகக் கிடக்கும். பொன்னாடை வேண்டாம், புத்தகம் தாருங்கள் என்று 2017-இலேயே மு.க. ஸ்டாலின் கேட்டுக்கொண்டார், கேட்டுக் கைதட்டியவர்களே மறுநாள் பொன்னாடையோடு போய் நின்றார்கள்!

போர்த்தித்தான் தீரவேண்டும் என்றால் கைத்தறிப் பருத்தித் துண்டைப் போர்த்துங்கள். 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி கைத்தறிக்கென்று ஒதுக்கப்பட்ட துணிவகைகளிலே துண்டும் அங்கவஸ்திரமும் உண்டு. விசைத்தறித் துணி கைத்தறி வேடம் போட்டு வருகிறது; ஆகவே கைத்தறி முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். 1935-இலே தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது, நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. 1953-இலே நெசவாளர் வயிறு காய்ந்தபோது, கழகத் தலைவர்கள் கைத்தறித் துணியைத் தோளிலே சுமந்து தெருத்தெருவாக விற்றார்கள். நாம் சுமந்து விற்க வேண்டாம், காசு கொடுத்து வாங்கினால் போதும்!

ஆரணியிலே அடுத்த கூட்டத்துக்கு மேடை போடும் தோழர்கள் இப்போதே துண்டுக்குச் சொல்லி வைக்கட்டும். முதல் துண்டு, காருக்காக இடுப்பிலே துண்டு கட்டிய அந்தப் பெரியவருக்கு. போர்த்துகிறவர் அந்தப் பொறுப்பாளராகவே இருக்கட்டும்!