கே.வி. கூடினால் படம் தெளியுமா?

சென்னை அம்பத்தூர் எஸ்டேட்டில் முறிந்த போல்ட்டையும் பல்சக்கரத்தையும் வருடும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் (எஸ்.இ.எம்.) வைத்துப் பார்ப்பவர்களுக்கு 20 கே.வி. (கிலோவோல்ட்) என்பது கைப்பழக்கம். இரும்புக்கு அது சரிதான். ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துக் கல்லூரி மாணவர் கிராஃபீன் என்னும் மெல்லிய கரிப் படலம் படிந்த சிலிக்கான் சில்லைக் கொண்டுவந்தாலும் அதே 20தான். ஒன்றும் தெரியவில்லையா? "இன்னும் ஏத்திப் பார்க்கலாம் தம்பி." ஏற்ற ஏற்றத் தெளியும் என்ற இந்த நம்பிக்கை, மெல்லிய கரி விஷயத்தில் செல்லாது.

ஆற்றல் குறைந்தால் எலக்ட்ரானின் அலைநீளம் கூடும், நுணுக்கம் போய்விடும் என்கிறார்கள். கூடத்தான் செய்யும். ஆனால் வெறும் 100 எலக்ட்ரான் வோல்ட்டிலேயே அது 0.12 நானோமீட்டர்தான். கிராஃபீனில் அடுத்தடுத்த கார்பன் அணுக்களின் இடைவெளி 0.142 நானோமீட்டர். அலை போதுமான அளவு குறுகித்தான் இருக்கிறது. படத்தைக் கெடுப்பது லென்ஸின் பிறழ்ச்சி.

"வேகம் இருந்தாத்தானே உள்ளே இறங்கும்?" அந்த இறக்கம்தான் இங்கே தொல்லை. 20 கே.வி. எலக்ட்ரான் சிலிக்கானுக்குள் சுமார் 5 மைக்ரோமீட்டர் போகிறது. கிராஃபீனின் ஓர் அடுக்கோ 0.335 நானோமீட்டர். பதினாலாயிரம் மடங்குக்கும் மேலான ஆழத்திலிருந்து எழும் இரைச்சலில் அந்த ஓர் அடுக்கின் குரல் எங்கே கேட்கும்? 1 கே.வி.க்கு இறக்கினால் ஆழம் 30 நானோமீட்டர் அளவுக்குச் சுருங்குகிறது.

இன்னும் இறக்கலாம். இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் பாவர் 1962இல் யோசித்து, சக ஆய்வாளர் டெலீப்ஸுடன் சேர்ந்து 1985இல் இயக்கிக் காட்டிய குறை ஆற்றல் எலக்ட்ரான் நுண்ணோக்கி அதைத்தான் செய்கிறது. எலக்ட்ரான்களை லென்ஸ்களின் வழியே 15, 20 கே.வி.யில் ஓட்டிவந்து, மாதிரியைத் தொடுமுன் பிரேக் போட்டுச் சில எலக்ட்ரான் வோல்ட்டாக்கிவிடுகிறது. (அதிலும் நம்மவர்களின் 20 இருக்கிறது, மாதிரியில் படாமல்!) திரும்பிவரும் எலக்ட்ரான்களே படம். ஆற்றலை 0 முதல் 7 எலக்ட்ரான் வோல்ட் வரை மெல்ல மாற்றினால் எதிரொளிப்பு ஏறி இறங்கும். அந்தப் பள்ளங்களை எண்ணியே, சிலிக்கான் கார்பைடின் மேல் வளர்ந்த கிராஃபீன் எத்தனை அடுக்கு என்று சொல்லிவிடலாம் என ஜப்பானின் ஹிபினோ குழு 2008இல் காட்டியது. மாதிரியின் ஊடே எலக்ட்ரானைச் செலுத்தும் 200 கே.வி. ஊடுருவல் நுண்ணோக்கிக்கு இந்த எண்ணிக்கைக் கலை வராது.

வராதது மட்டுமில்லை, சுமார் 86 கே.வி.யைத் தாண்டினால் எலக்ட்ரான் கார்பன் அணுவையே உதைத்துத் தள்ளிவிடும். ஊடுருவல் நுண்ணோக்கிக்காரர்கள் கிராஃபீனுக்கு 80இல் நிறுத்திக்கொள்வது அதனால்தான்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அணுக்களைத் தனித்தனியே காண அந்த ஊடுருவல் கருவிதான் வேண்டும். குறை ஆற்றல் கருவி, பிறழ்ச்சியைத் திருத்திய பிறகும் 2 நானோமீட்டர் பக்கத்தில்தான் நிற்கிறது. அதி வெற்றிடம் கேட்கும், துப்புரவான தட்டைப் பரப்பு கேட்கும். எண்ணெய்ப் பல்சக்கரத்தை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அந்தக் கருவி கிடைக்காவிட்டாலும், கையிலிருக்கும் எஸ்.இ.எம்.மில் கே.வி.யைக் குறைக்க முடியும். மாணவர்களே, முதல் படத்தை 1 கே.வி.யில் கேளுங்கள். எலக்ட்ரான் கற்றையை ஒரே இடத்தில் நெடுநேரம் நிற்கவும் விடாதீர்கள். மிச்ச எண்ணெய் ஆவி படிந்து கறுப்புச் சதுரம் விழும். அதைக் கிராஃபீன் என்று பிராஜெக்ட் அறிக்கையில் எழுதிவிடாதீர்கள்.