விடுப்பு: சலுகையா, உரிமையா?

தோழர்களே! ஓரிக்கையில் ஒரு தறி வீட்டை எண்ணிப் பாருங்கள். பாவு பூட்டியபடி தறி நிற்கிறது. நெய்யும் கை இல்லை. கைக்குரியவன் வேலூர்ச் சிறையில் ஆயுள் கைதி. குற்றம் புரிந்தான், தண்டனை பெற்றான். அதிலே நமக்கு வழக்கில்லை. ஆனால், அவனைப் பெற்றவள் இன்று மூச்சுத் திணறிக் கிடக்கிறாள். மகன் முகம் காணத் துடிக்கிறாள். காண்பாளா?

காணலாம் என்கிறது சட்டம். 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகள், நாம் பரோல் என்று சொல்வதை விடுப்பு என்கின்றன. பெற்றோர், துணைவர், மக்கள், உடன்பிறந்தார் ஆகியோரின் சாவு, கடும் நோய், திருமணம் ஆகியவற்றுக்கு அவசர விடுப்பு. மூன்றாண்டு சிறைவாசம் கழித்தவர்க்குச் சாதாரண விடுப்பு. எழுத்திலே குறையில்லை. ஆனால் மனு நகர வேண்டும். நன்னடத்தை அலுவலர் விசாரிக்க வேண்டும். காவல் நிலையம் கருத்துரைக்க வேண்டும். கோப்பு காத்திருக்கும், தோழர்களே! சாவு காத்திருக்குமா?

1991-இல் சிறை புகுந்த பேரறிவாளன் முதன்முதலாக விடுப்பில் வெளிவந்தது 2017 ஆகஸ்டில்! நோயுற்ற தந்தையைக் காண 26 ஆண்டுகள்! வந்தவர் ஓடிவிடவில்லை, கெடு முடிந்ததும் சிறைக்குத் திரும்பினார். மகள் திருமணத்துக்காக ஆறு மாத விடுப்பு வேண்டிய நளினி, 2019-இல் உயர் நீதிமன்றத்தில் தாமே வாதாடி ஒரு மாதம் பெற்றார். நாடறிந்த கைதிக்கே இவ்வளவு பாடு! பெயரற்ற நெசவாளி எந்த வக்கீலைத் தேடுவான்?

வடக்கே பாருங்கள். பாலியல் வன்கொடுமைக்காக 2017-இல் 20 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்ற சாமியார் குர்மீத் ராம் ரஹீம், அரியானாவில் 2024 அக்டோபர் 5-இல் வாக்குப்பதிவு என்றால், 2-ஆம் நாளே 20 நாள் பரோலில் வெளியே வருகிறார்! செல்வாக்குள்ளவனுக்குத் திறக்கும் கதவு, ஏழையின் தாய் சாகும்போது மூடிக் கிடப்பதா?

"வெளியே விட்டால் ஓடிவிடுவானே, பாதிக்கப்பட்டவர் அஞ்சுவாரே" என்பர் சிலர். அந்த அச்சம் மதிக்கத்தக்கது. பாதிக்கப்பட்டோரைக் கேளுங்கள், அவர்கள் வாழும் தெருவுக்குள் நுழையாதே எனத் தடை விதியுங்கள், நாள்தோறும் காவல் நிலையத்தில் கையொப்பமிடச் செய்யுங்கள். ஆனால், "சட்டம் ஒழுங்கு கெடும்" என்ற ஒற்றை வரியால் ஒருவனுடைய மனுவைக் கொன்றுவிடாதீர்கள்.

நாம் கேட்பவை நான்கு. சாவுச் செய்தி வந்தால் அன்றே முடிவு. சாதாரண விடுப்புக்குப் பதினைந்தே நாளில் முடிவு. மறுத்தால் காரணம் எழுத்தில், அதன்மேல் முறையீடு. பிணை நிற்க ஆளில்லாத ஏழைக்கு அதையே தடையாக்காத நெறி.

இதற்கு டில்லியின் தயவு தேவையில்லை! அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 4-ஆவது இனம் சிறைச்சாலை. 2024 ஜூலையில் வடமொழிப் பெயர் பூண்டு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும், தண்டனை நிறுத்திவைப்புக்கு விதி வகுக்கும் அதிகாரத்தை மாநில அரசிடமே விட்டிருக்கிறது. மாநில உரிமை கேட்டு முழங்கும் நாம், கையிலுள்ள உரிமையைத் துருப்பிடிக்க விடலாமா?

ஓரிக்கைக்கு அருகே காஞ்சியிலே பிறந்த அண்ணா, சிறைக்கம்பிகளுக்குப் பின்னே நாட்களை எண்ணியவர். சிறையின் வேதனையை ஏட்டில் மட்டும் படித்தவர்களல்லர் நம் முன்னோடிகள். அவர்கள் வழிவந்தோர் கிளைதோறும் இக்கோரிக்கையைத் தீர்மானமாக்குக! தாயின் கண் மூடுமுன் மகன் வரட்டும். வந்தவன் கெடு முடிந்ததும் திரும்பட்டும். தண்டனை கைதிக்குத்தான், அவனைப் பெற்றவளுக்கு அன்று!